நாற்பத்தொன்றாம் எண் ஆட்டக்காரர்

மருந்துக் கடைக் கவுன்ட்டருக்குப் பின்னால் இருபத்தோரு வருடம் நின்றவளை யாரும் லேசில் ஏமாற்றிவிட முடியாது. முடியாது என்பது அவளுடைய சொந்தக் கருத்து. யாராவது மருந்துச் சீட்டை நீட்டினால் முதலில் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், அப்புறம்தான் நீட்டிய முகத்தைப் பார்ப்பாள். தூக்க மாத்திரை ஐந்தைப் பதினைந்தாக்கிக்கொண்டு வந்தவர்களை, அந்த ஒன்றின் சாய்வை வைத்தே திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவள் உறுப்பினராக இருந்த சதுரங்கக் கழகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். காதுக்கு வந்தபோது வெளியே கோபித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் அவளுக்குக் குளிர்ந்துதான் போனது.

கழகம் ஆன்லைனில் மின்னல் ஆட்டப் போட்டி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது. ஆளுக்கு இரண்டே நிமிடம். யோசிக்க நேரமில்லாத ஆட்டம் அது; விரல் முந்த வேண்டும், மூளை பின்னாலேயே ஓடி வர வேண்டும். மாதம் முழுக்க எப்போது வேண்டுமானாலும் யாரோடு வேண்டுமானாலும் ஆடலாம். மாதக் கடைசியில் முதல் நாலு இடத்தில் இருப்பவர்கள் பக்கத்து ஊர்க் கழகத்தோடு நேரில் உட்கார்ந்து ஆடப் போவார்கள். நேரில் ஆடும்போது கண் எதிரே ஆள் இருக்கும். ஆன்லைனில் அந்த ஆளுக்குப் பக்கத்தில் சதுரங்கம் தெரிந்த கணினி நிரல் ஒன்று உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? அதைக் கண்டுபிடிக்கத்தான் பூதக்கண்ணாடி. போன வருடம் மட்டும் ஏழு பேரைப் பிடித்திருந்தாள். பிடிபட்டவர்களுக்கு ஆயுள் தடை; பெயரும் கழக வாசல் பலகையில் ஒரு வருடம் தொங்கும்.

அந்தத் திங்கட்கிழமை கழகச் செயலாளர் அவளுக்கு ஒரு கோப்பை அனுப்பினார். அவர் தொழிலில் பல் டாக்டர். வாயைத் திற என்று சொல்லிச் சொல்லியே தானும் அளவாகத்தான் வாய் திறப்பார். கோப்பில் பெயர் இல்லை, நாற்பத்தொன்று என்ற எண் மட்டும் இருந்தது. பாரபட்சம் வரக்கூடாது என்பதற்காக எல்லாரும் எண்ணில்தான் ஆடுவார்கள், பெயர்களைச் செயலாளர் தன்னிடமே வைத்துக்கொள்வது கழகத்தின் வழக்கம். போன மாதம் வரை கடைசிக்கு முந்தின இடத்தில் கிடந்த நாற்பத்தொன்று இந்த மாதம் நாலாவது இடத்துக்கு வந்துவிட்டதாம். தோற்ற மூன்று பேர் புகார் எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் தீர்ப்பு வேண்டும் என்று டாக்டர் ஒரு வரி சேர்த்திருந்தார்.

பூதக்கண்ணாடிக்கு மூக்கு வியர்த்துவிட்டது. மதியம் கடையில் கூட்டம் குறைந்ததும் கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். தொண்ணூற்றாறு ஆட்டம். எழுபத்தொன்பது வெற்றி, மூன்று சமன், பதினாலு தோல்வி.

முதலில் அவள் நேரத்தைத்தான் பார்த்தாள். மனிதன் ஆடினால் சுலபமான நகர்த்தலுக்கு அரை விநாடி ஆகும், சிக்கலான இடத்தில் ஏழெட்டு விநாடி தலையைச் சொறிவான். நாற்பத்தொன்று அப்படி இல்லை. வெட்டிய காயைத் திருப்பி வெட்டுவதற்கும் இரண்டரை விநாடி, ராணியைப் பலி கொடுப்பதற்கும் இரண்டரை விநாடி. இன்னொருவரிடம் கேட்டு வாங்கிப் போடுகிறவர்களுக்குத்தான் எல்லா நகர்த்தலும் ஒரே அளவில் வரும். சரி, ஆள் அகப்பட்டாச்சு என்று பூதக்கண்ணாடி நினைத்துக்கொண்டாள்.

ஆனால் ஆட்டத்தின் போக்கு வேறு மாதிரி இருந்தது. நாற்பத்தொன்று அவசரப்படுவதில்லை, மிரட்டுவதில்லை. ஒரு சிப்பாய் கூடுதலாகக் கிடைத்ததும் மற்ற காய்களை ஒவ்வொன்றாக மாற்றி வெட்டிப் பலகையைத் துடைத்துவிடும். சாப்பிட்ட கையோடு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற மாதிரி சுத்தம். எதிராளி தோற்கும்போது கேலிப் படம் எதுவும் அனுப்பாது. மறு ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் வராது. இந்த அடக்கம்தான் பூதக்கண்ணாடிக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. இரண்டு நிமிட ஆட்டம் ஆடுகிற ஜாதியில் அடக்கமான ஆளை அவள் இதுவரை பார்த்ததில்லை.

இன்னொரு விசித்திரமும் இருந்தது. தொண்ணூற்றாறு ஆட்டத்தில் ஒரு தடவைகூட நாற்பத்தொன்று தன் வலது ஓரத்து எட்டுக் கட்டங்களில் காயை வைக்கவில்லை. அந்த ஓரத்துச் சிப்பாய் ஆரம்பத்தில் நின்ற இடத்திலேயே கல்லாக நிற்கும். வெள்ளைக் காயில் ஆடும்போது ராஜா அந்தப் பக்கம்தான் ஒதுங்குவார். முன்னால் மூன்று சிப்பாய்களும் அசையாமல் நின்றால் அவருக்குத் தப்ப இடமில்லை. எதிரியின் யானை கடைசி வரிசையில் இறங்கினால் கதை முடிந்தது. பதினாலு தோல்வியில் ஒன்பது அப்படித்தான் வந்திருந்தது. ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தியிருந்தால் போதும். நேற்றுக் கற்றுக்கொண்டவனுக்கும் தெரிகிற விஷயம், ராணியைப் பலி கொடுத்து ஜெயிக்கிறவருக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் அந்தத் தொண்ணூற்றாறில் சேராமல் தனிக் கோப்பில் இருந்தன. அன்றைக்கு மட்டும் நாற்பத்தொன்று அடியோடு வேறு ஆள். மூன்றாவது நகர்த்தலில் ராணி தெருவுக்கு வந்துவிடுவாள், பதினைந்தாவதில் ஆட்டம் தோற்றிருக்கும். ஞாயிறன்று நிரலை இயக்க மறந்துவிடுகிறான் போல என்று பூதக்கண்ணாடி குறித்துக்கொண்டாள். முக்கால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

இந்த இடத்தில் அவளுடைய தம்பி வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தம்பி தரை ஓடு விற்கும் கடையில் விற்பனையாளன். அதே கழகத்தில் உறுப்பினன். அப்பா அவனோடுதான் இருக்கிறார். போன மாதக் கடைசியில் அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். இரண்டு விதச் சொட்டு மருந்து, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு மணிக்கு, ஒரு மாதத்துக்கு. மருந்தைக் கொடுத்தவளே பூதக்கண்ணாடிதான். முதல் சொட்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஐந்து நிமிடம் விட வேண்டும், உத்தேசமாக விடக்கூடாது என்று தம்பி மனைவியிடம் மூன்று தடவை சொல்லி, பாட்டில் மேலேயும் எழுதி ஒட்டினாள். சொன்னாளே தவிர நம்பவில்லை. காரணம், அந்தப் பெண்ணின் கைபேசி. நாத்தனார் படி ஏறும் சத்தம் கேட்டால் போதும், அது மேசைமேல் குப்புறக் கவிழ்ந்துவிடும். வயதானவரைப் படுக்கப் போட்டுவிட்டுப் பகல் முழுக்க யாரோடு என்ன பேச்சு? தம்பியிடம் ஒருமுறை ஜாடையாகக் கேட்டாள். அவன் பிடி கொடுக்காமல் நழுவினான், அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை மாலை நாற்பத்தொன்று எந்தெந்த நேரத்தில் ஆடுகிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தாள். வழக்கமாக இந்த ஆட்டக்காரர்கள் உட்கார்ந்தால் ஒரே மூச்சில் முப்பது ஆடுவார்கள், தோற்றால் இன்னும் முப்பது. இது ஒரு நாளைக்கு நாலே ஆட்டம் ஆடியிருந்தது. பத்து மணி ஒரு நிமிடம். பன்னிரண்டு ஒன்று. இரண்டு ஒன்று. நாலு ஒன்று. மறுநாளும் அதே. ஞாயிறு நீங்கலாக இருபத்துநாலு நாளும் அதே.

அந்த நாலு நேரத்தையும் எங்கேயோ எழுதியிருக்கிறோமே என்று தோன்றியதும் பேனாவைக் கீழே வைத்தாள். இருக்கட்டும், ஊரில் எத்தனையோ பேருக்குக் கண் ஆபரேஷன் நடக்கிறது என்று தன்னையே அடக்கிக்கொண்டு தோல்விகளைப் புரட்டினாள். பதினாலில் ஒன்று மட்டும் விநோதமாக இருந்தது. ஒரே நகர்த்தலில் ஜெயிக்க வேண்டிய நிலையில், கடிகாரத்தில் ஐம்பது விநாடி பாக்கி இருக்க, நாற்பத்தொன்று ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தது. போன புதன், மதியம் இரண்டு மணி மூன்று நிமிடம். கடை நோட்டை எடுத்துப் பார்த்தாள். போன புதன், இரண்டு ஐந்துக்குத் தம்பி மனைவியின் அழைப்பு. மாமா கை பட்டு மருந்துப் பாட்டில் கொட்டிவிட்டது, வேறு பாட்டில் உடனே வேண்டும் என்று. பூதக்கண்ணாடியின் சொந்தக் கையெழுத்திலேயே இருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். ஞாயிற்றுக்கிழமை ராணியைத் தெருவுக்கு விடும் அந்த ஆட்டம் யாருடையது என்று இப்போது பளிச்சென்று தெரிந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து தம்பி அப்படித்தான் ஆடுகிறான். ஆனால் மற்ற ஆறு நாளும் அந்த நேரத்தில் அவன் கடையில் யாருக்கோ குளியலறை ஓடு காட்டிக்கொண்டிருப்பான். அப்பாவுக்குக் கைபேசித் திரையே இன்னும் சரியாகத் தெரியாது. மிச்சம் இருப்பது ஒருத்தி. கல்யாணமாகி வந்த ஒன்பது வருடத்தில் அந்தப் பெண் ஒரு சிப்பாயைக்கூடத் தொட்டுப் பூதக்கண்ணாடி பார்த்ததில்லை. அப்படியானால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நிரலை வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறார்கள். கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

வியாழக்கிழமை பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தம்பி வீட்டுக்குப் போனாள். செருப்பை ஓசைப்படாமல் கழற்றினாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. நடைவழியில் துணி அலமாரிக்குப் பக்கத்தில் நின்றால் சாப்பாட்டு அறை முழுக்கத் தெரியும். சொந்தத் தம்பி வீட்டில் திருட்டுத்தனமாக நிற்கிறோமே என்று கூச்சமாக இருந்தது, ஆனாலும் நின்றாள்.

தம்பி மனைவி கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். துடைத்தாள். சாய்வு நாற்காலியில் இருந்த அப்பாவின் கீழ் இமையை இழுத்துச் சரியாக ஒரு சொட்டு விட்டாள். கண்ணை மூடிக்குங்க மாமா என்று சொல்லிவிட்டு மேசைக்கு வந்து கைபேசியை நிமிர்த்தினாள். பக்கத்தில் கணினி இல்லை, இன்னொரு கைபேசி இல்லை, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இருந்தது தம்பி போன வருடம் தூக்கிப் போட்ட பழைய கைபேசி. அதன் வலது ஓரம் மேலிருந்து கீழ் வரை விரிசல் விட்டிருந்தது. ஒரு விரலால் காயைத் தொடுவாள், அது பதிந்ததா என்று குனிந்து பார்ப்பாள், பிறகு கட்டத்தைத் தொடுவாள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டரை விநாடி.

ஆட்டம் முடிந்தது. எழுந்துபோய் மறுபடி கை கழுவி இரண்டாவது சொட்டை விட்டாள். கண்ணை மூடியபடியே அப்பா மெதுவாகக் கேட்டார்.

"ஜெயிச்சியாம்மா?"

"ஜெயிச்சேன் மாமா. கண்ணைத் திறக்காதீங்க."

அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது. பூதக்கண்ணாடி தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறைவிலிருந்து வெளியே வந்தாள். கைபேசி பழக்கப்படி குப்புறக் கவிழ்ந்தது. அவள் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, கோப்பு, புகார், வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி மனைவி கேட்ட முதல் கேள்வி பூதக்கண்ணாடி எதிர்பார்த்த கேள்வி அல்ல.

"என்னைப் பார்த்து மெஷின்னா சொன்னாங்க?"

அந்தக் குரலில் பயத்தை விடப் பெருமை கூடுதலாக இருந்தது. எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டதற்கு, அவர்கிட்டதான், உங்க தம்பிகிட்ட என்றாள். தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ராத்திரி சாப்பாட்டில் அவர் காரணம் சொல்வாராம். காரணத்தைக் கேட்டுக் கேட்டு இவளுக்கு ஆட்டம் பிடிபட்டுவிட்டதாம். ஐந்து நிமிடம் சரியாகப் போனது தெரிய ஏதாவது வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிட ஆட்டமும் மறுபடி கை கழுவித் துடைக்கிற நேரமும் சேர்ந்தால் அதற்கு அளவாக இருந்தது. கைபேசியில் அவருடைய கணக்கு திறந்தே கிடந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை புள்ளி ஏறியிருப்பதை அவர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. நாலாவது இடம் வந்ததிலிருந்து அவருக்கு முதுகு வலி, நேரில் போய் உட்கார முடியாத அளவுக்கு.

"ஏன் நீயே கழகத்துல சேரலை? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்களும் அவரும் இதே மேசையில ஒன்பது வருஷமா ஆடறீங்க. நான் பக்கத்துலதான் நிப்பேன். ஆடறியான்னு ஒரு தடவை கேட்டிருந்தா ஆடியிருப்பேன் அக்கா."

ஊரான் கையெழுத்தில் ஒரு சுழி மாறினால் கண்டுபிடிக்கிறவள், ஒன்பது வருடமாக அந்தப் பெண்ணின் கண் பலகைமேலேயே இருந்ததைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட உறைத்தது அந்தத் தொண்ணூற்றாறு ஆட்டம். திருட்டைப் பிடிக்க அவள் எழுதின தாளில் இருந்தது, அப்பாவின் கண்ணுக்கு ஒரு வேளைகூடத் தப்பாமல் மருந்து விழுந்த கணக்கு.

"அவர் பேரைப் பலகையில மட்டும் போட வேணாம்னு சொல்லுங்க" என்றாள் தம்பி மனைவி. "திருடன்னு எழுதின மாதிரி ஆயிடும்."

பூதக்கண்ணாடி அன்று மாலையே தம்பியோடு பல் டாக்டர் முன்னால் போய் நின்றாள். தம்பி அசடு வழிந்துகொண்டே உண்மையைச் சொன்னான். நாற்பத்தொன்று தன் தம்பியின் கணக்கு, ஆகவே தன் தீர்ப்பு செல்லாது என்று அவளும் சொன்னாள். டாக்டர் பூராவையும் கேட்டுவிட்டு, இது காதில் பூச் சுற்றுகிற மாதிரி இருக்கிறதே என்றார். அடுத்தவர் கணக்கில் ஆடியதற்கு இரண்டு பேருக்கும் ஆறு மாத விலக்கு, அதோடு போகும். ஆனால் சாப்பாட்டு மேசையில் கேட்டே கற்றுக்கொண்டாள் என்பதை எப்படி நம்புவது? மறுநாள் பன்னிரண்டு மணிக்குத் தானே வருகிறேன், என் கண் முன்னால் ஆடட்டும் என்றார். ஆடத் தெரியவில்லை என்றால் அது நிரல்தான். தம்பி பெயர் பலகையில் ஏறும், ஆயுள் தடை. எதிரே யார் ஆடுவது? பூதக்கண்ணாடிதான். விட்டுக் கொடுத்து ஆடினால் எனக்குத் தெரியும் என்று அவர் கடைசியாக ஒரு வார்த்தை சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் மரப் பலகை விரிந்தது. பக்கத்தில் கடிகாரம், ஆளுக்கு இரண்டு நிமிடம். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விடுப்பு எடுத்திருந்த தம்பி, முதுகு வலியை மறந்து நிமிர்ந்து நின்றான். தம்பி மனைவி முதல் சொட்டை விட்டுவிட்டு வந்து வெள்ளைக் காய்களுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

விட்டுக் கொடுக்கும் எண்ணம் பூதக்கண்ணாடிக்கு இல்லை. விட்டுக் கொடுத்தால் டாக்டர் கண்டுபிடிப்பார் என்பது ஒரு காரணம். அவளுக்கே இன்னும் ஒரு பொட்டுச் சந்தேகம் பாக்கி இருந்தது இன்னொரு காரணம். பழக்கம் ஒரு நாளில் விடாது. எங்கே அடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஒன்பது பேர் அடித்த அதே இடம். தம்பி மனைவி ராஜாவை வலது பக்கம் ஒதுக்கி மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் வைத்ததும், பூதக்கண்ணாடி தன் இரண்டு யானைகளையும் ஒரே பாதையில் அடுக்கினாள். கடைசி வரிசையைக் காத்து நின்ற வெள்ளை யானையை ஆசை காட்டி வெளியே இழுத்தாள். இந்த ஒரு அடிக்காகக் குதிரையையும் மந்திரியையும் காவல் இல்லாமல் விட்டிருந்தாள். பரவாயில்லை, அடுத்த நகர்த்தலில் யானை இறங்கினால் எல்லாம் முடிந்துவிடும். தம்பியின் முகம் வெளுத்தது. அவன் தோற்கும்போது சொல்லும் காரணம் ஒன்று அங்கே பலகையில் நின்றுகொண்டிருந்தது.

தம்பி மனைவியின் கை காவல் இல்லாத குதிரையை எடுக்கப் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு இருபத்துநாலு நாளாகப் போகாத திசையில், பலகையின் வலது ஓரத்துக்குப் போய், அந்தக் கடைசிச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் தள்ளியது.

"இது மரம்தானே அக்கா" என்று கடிகாரத்தைத் தட்டினாள். "போன்ல அந்த விரிசல் ஓரத்துல தொட்டா பதியாது. இங்க விரல் படுது."

ராஜாவுக்கு வழி திறந்துவிட்டது. பூதக்கண்ணாடியின் யானை இறங்கினாலும் பயனில்லை. குதிரையும் மந்திரியும் இரண்டும் ஆபத்தில் இருந்தன, ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். அதற்குப் பிறகு நடந்தது அவள் தொண்ணூற்றாறு கோப்பில் பார்த்ததுதான். ஒரு காய் கூடுதலாகக் கிடைத்ததும் மற்றவை ஒவ்வொன்றாக மாறி வெட்டுப்பட்டுப் பலகை சுத்தமானது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அதே இரண்டரை விநாடி. பூதக்கண்ணாடி தன் ராஜாவைப் படுக்க வைத்தாள். தோற்றதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

டாக்டர் பையிலிருந்து உறுப்பினர் விண்ணப்பம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆறு மாதம் கழித்துத் தேதி போட்டுக்கொள்ளச் சொன்னார். தம்பி பேனா தேடி ஓடினான்.

தம்பி மனைவி அதைப் படிக்க நிற்கவில்லை. எழுந்துபோய்க் கை கழுவினாள், துடைத்தாள், சாய்வு நாற்காலிக்குப் போனாள்.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் அப்பா.

"முடிஞ்சுது மாமா. தலையை நிமிர்த்துங்க."

பூதக்கண்ணாடி பழக்க தோஷத்தில், ஐந்து நிமிடம் ஆயிற்றா என்று சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கப் போனாள். பிறகு பார்க்காமலே குனிந்து, அடுத்த ஆட்டத்துக்குக் காய்களை அடுக்க ஆரம்பித்தாள்.